கணக்கு மென்பொருளை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

புதிய நெல் ரகம் ஒன்று வெளியிடப்பட்டால், அனுபவமுள்ள விவசாயி வீட்டிலிருக்கும் விதை நெல் முழுவதையும் அரவைக்கு அனுப்பிவிடுவதில்லை. பத்து சென்டு நிலத்தில் புதிய ரகத்தை நட்டுப் பார்க்கிறார். பழைய ரகத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு, நம்பிக்கை வந்த பிறகுதான் முழு வயலுக்கும் மாறுகிறார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் கணக்கு எழுதும் கணினி மென்பொருளை மாற்றுவதற்கும் இதே முறைதான் ஏற்றது. ஆனால் பல இடங்களில் இந்த வேலை ஒரே பிற்பகலில், ஒரு கணினி மெக்கானிக்கின் பொறுப்பில் முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மானாவாரி நிலக்கடலை விளையும் பகுதி ஒன்றில் இயங்கிய ஒரு நிறுவனத்திற்குப் பயிற்சி அளிக்க நான் சென்று வந்தேன். விதை நேர்த்தி, ஜிப்சம் இடுதல், அறுவடைக்குப் பின் காயவைத்தல் ஆகியவற்றை விளக்கினேன். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஆண்டு அவர்களுடைய கணினி பழுதானது. மெக்கானிக் புதிய டிஸ்க் பொருத்தி, புதிய மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார். காப்புப் பிரதி எங்கே என்று கேட்டபோது, அது அதே கணினியின் ‘டி’ டிரைவில் இருந்தது தெரிந்தது. பழைய டிஸ்கோடு அதுவும் போயிற்று. கையில் எஞ்சியது தணிக்கையாளரிடம் இருந்த ஐந்தொகை மட்டுமே. அதில் உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரே வரியில், ஒரே தொகையாக இருந்தது. யாருக்கு எவ்வளவு என்பது இல்லை.

பிறகு வீடு வீடாகச் சென்று எடைச் சீட்டுகளைச் சேகரித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரிடம்தான் சீட்டு இருந்தது. தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு மூதாட்டிக்கு முழுப் பணமும் கிடைத்தது. சீட்டு இல்லாதவர்களுக்கு எடை போட்டவரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, பேசி, ஒரு தொகை தீர்மானித்தார்கள். அதில் மனக்கசப்படைந்த சிலர் மறு ஆண்டு தம் கடலையை வியாபாரியிடமே கொண்டுபோனார்கள். நிலக்கடலை பற்றி நான் சொல்லிக் கொடுத்த எதுவும் அவர்களைத் திரும்ப அழைத்து வரவில்லை. ஆகவேதான் இந்தப் பாடம்.

உறுப்பினருக்கு இதில் என்ன அக்கறை?

உற்பத்தியாளர் நிறுவனச் சட்டப்படி, உறுப்பினர் கொண்டுவரும் விளைபொருளுக்கு முழு விலையையும் உடனே கொடுக்க வேண்டும் என்பதில்லை. இயக்குநர் குழு தீர்மானிக்கும் ஒரு பகுதியை முதலில் கொடுத்து, மீதியை நிறுத்திவைத்துப் பின்னர் ரொக்கமாகவோ, பொருளாகவோ, பங்காகவோ வழங்கலாம். ஆண்டு முடிவில் உபரி இருந்தால், ஒவ்வொருவரும் நிறுவனத்தோடு செய்த வரவு செலவின் அளவுக்கு ஏற்ப ஊக்கத் தொகையும் வழங்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓர் உறுப்பினர் 12 குவிண்டால் கடலை கொடுக்கிறார். குவிண்டாலுக்கு 6,000 ரூபாய் விலையில் 5,500 ரூபாய் உடனே கிடைக்கிறது. 500 ரூபாய் நிறுத்திவைக்கப்படுகிறது. அவருக்கு வர வேண்டிய மீதி 6,000 ரூபாய். இந்த 6,000 ரூபாய்க்கு அத்தாட்சி கணினியில் உள்ள ஒரு வரிதான். அந்த வரி அழிந்தால் பணம் அழிந்தது போலத்தான்.

ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது?

நன்றாக ஓடும் பழைய மென்பொருளை ஏன் தொட வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல், மென்பொருளில் கணக்கு எழுதும் கம்பெனிகள் அனைத்தும், ஒவ்வொரு பதிவையும் யார் எந்த நாளில் திருத்தினார்கள் என்பதைத் தானாகவே குறித்து வைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தத் திருத்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க இயலாதபடி இருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நம் ஊர்களில் பரவலாகப் பயன்பட்ட டேலி இ.ஆர்.பி. 9-இல் இத்தகைய நிறுத்த முடியாத திருத்தப் பதிவு இல்லை. அதன் பின் 2020 நவம்பரில் வந்த டேலி பிரைம் வரிசையில் இதற்கெனவே தனிப் பதிப்பு உண்டு.

இரண்டாவது, கணினியின் பாதுகாப்பு. விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கானவை 2025 அக்டோபர் 14-இலும் முடிவடைந்தன. வேலி சாய்ந்த தோட்டத்தில் ஆடு நுழைவது போல, இத்தகைய கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் நுழைவது எளிது.

ஆகவே மாற்றம் தேவை. ஆனால் மென்பொருள் வேறு, கணக்கு விவரம் வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மென்பொருள் கலப்பை போன்றது. கடையில் மீண்டும் வாங்கலாம். கணக்கு விவரம் விதை போன்றது. அது உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கிறது.

ஏற்ற பருவம்

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் மாதம் மிகவும் ஏற்றது. மார்ச் 31 கணக்கை முடித்து, தணிக்கையாளரிடம் காட்டிய பிறகு மாற்றத்தைத் தொடங்கலாம். கொள்முதல் மும்முரமாக நடக்கும் வாரங்களில் தொடக்கூடாது. மாதாந்தர ஜி.எஸ்.டி. படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டிய 11, 20 ஆகிய தேதிகளையொட்டியும் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டிய படிகள்

1. கணக்கெடுத்தல்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, கணக்கு விவரங்கள் எந்த ஃபோல்டரில் உள்ளன, உரிமம் யார் பெயரில், கடவுச்சொல் யாரிடம் என்பவற்றை ஒரு தாளில் எழுத வேண்டும். டேலியில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் எண்ணைப் பெயராகக் கொண்ட தனி ஃபோல்டரில் இருக்கும். ‘டேலி வால்ட்’ எனும் பூட்டு போட்டிருந்தால் அதன் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு வேறு வழியில்லை. மென்பொருளை விற்ற நிறுவனமும் திறந்து தர இயலாது. ஆகவே கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தலைவரிடம் ஒப்படைப்பது நல்லது. கணினியே மாறுவதாக இருந்தால், பழைய கணினியில் உள்ள உரிமத்தை முறைப்படி விடுவித்த பிறகே புதியதில் ஏற்ற வேண்டும்.

2. அச்செடுத்தல்: மாற்றத்திற்கு முந்திய நாள் வேலை முடிந்ததும் இருப்பாய்வு எனப்படும் டிரையல் பேலன்ஸ், ஐந்தொகை, ரொக்க இருப்பு, வங்கி சரிக்கட்டும் பட்டியல், சரக்கு இருப்பு, பங்குப் பதிவேடு, உறுப்பினர் வாரியான பாக்கிப் பட்டியல் ஆகியவற்றை அச்சிட வேண்டும். கணக்கர், முதன்மைச் செயல் அலுவலர், ஓர் இயக்குநர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். நான் சொன்ன நிறுவனத்தில் உறுப்பினர் வாரியான அந்த ஒரு பட்டியல் மட்டும் காகிதத்தில் இருந்திருந்தால் எவருக்கும் நட்டம் வந்திராது.

3. காப்புப் பிரதி எடுத்தல்: பேக்கப் எனப்படும் காப்புப் பிரதியை மென்பொருளின் வழியாக எடுப்பதோடு, கணக்கு ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தும் வைக்க வேண்டும். நகலெடுக்கும்போது எல்லாக் கணினிகளிலும் மென்பொருளை மூடிவிட வேண்டும். மூன்று பிரதிகள் தேவை. ஒன்று அலுவலகத்தில் தனி ஹார்டு டிஸ்கில். ஒன்று இயக்குநர் ஒருவர் வீட்டில். ஒன்று இணையச் சேமிப்பில். அதே கணினியில் வேறு டிரைவில் வைத்தது காப்புப் பிரதியே அல்ல. ஒரே குதிரில் இரண்டு மூலையில் விதையைப் பிரித்து வைத்தால், கூரை ஒழுகும்போது இரண்டும்தான் நனையும்.

4. முளைப்புச் சோதனை: விதையை விதைக்குமுன் முளைப்புத் திறன் பார்க்கிறோம். நெல் விதைக்குக் குறைந்தது 80 சதம் இருக்க வேண்டும் என்பது விதைச் சான்று விதி. காப்புப் பிரதியில் 80 சதம் என்பது கிடையாது. முழுதாகத் திறக்க வேண்டும், இல்லையேல் பயனில்லை. ஆகவே அதை வேறொரு கணினியில், பழைய பதிப்பிலேயே திறந்து பார்க்க வேண்டும். அங்கு வரும் இருப்பாய்வு, அச்சிட்ட தாளோடு ரூபாய், பைசா வரை ஒத்திருக்க வேண்டும். ஒரே கணினியில் சோதிக்க நேர்ந்தால் கட்டாயம் தனி ஃபோல்டரில் மீட்க வேண்டும். அசல் இருக்கும் ஃபோல்டரில் மீட்டால் அசலின் மேலேயே எழுதப்பட்டுவிடும் அபாயம் உண்டு.

5. நகலை மட்டும் மாற்றுதல்: புதிய மென்பொருளில் முதன்முதலில் திறப்பது நகலாகவே இருக்க வேண்டும். டேலி பிரைம் 3.0 முதலான பதிப்புகளில் பழைய கணக்கைத் திறக்கும்போது அது புதிய வடிவத்திற்கு மாற்றப்படுகிறது. அப்படி மாறியதை மீண்டும் பழைய பதிப்பில் திறக்க இயலாது. அரைத்த நெல் மறுபடி விதையாகாது அல்லவா? டேலி 7.2 போன்ற மிகப் பழைய பதிப்புகளில் உள்ள கணக்கை நேரே புதியதற்குக் கொண்டுபோக முடியாது, இடையில் இ.ஆர்.பி. 9-க்கு மாற்றி, அங்கிருந்துதான் கொண்டு செல்ல வேண்டும். மாற்றும்போது பிழைச் செய்தி வந்தால் அதைப் படம் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். ‘ரிப்பேர்’ பொத்தானைத் தொடர்ந்து அழுத்துவது தவறு.

6. ஒப்பிடுதல்: முதலில் மொத்தங்கள். அடுத்து ஒவ்வொரு ஆண்டிலும் உள்ள வவுச்சர்களின் எண்ணிக்கை. பிறகு உறுப்பினர் வாரியான பாக்கி.

7. இரட்டைப் பதிவு: ஒரு மாதம், இயலாவிடில் இரண்டு வாரமாவது, பழையதிலும் புதியதிலும் கணக்கு எழுத வேண்டும். கணக்கருக்கு இது கூடுதல் வேலைதான். ஆனால் இரண்டும் நாள்தோறும் ஒத்து வந்தால்தான் பழையதை நிறுத்தலாம். பெரிய நிறுவனங்களும் அவசரத்தில் இடறியதுண்டு. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்னும் வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி முறைக்கு மாற்றியது. போதிய ஆயத்தம் இல்லாமையால் பல லட்சம் பேர் தம் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். இதற்காக 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

மொத்தம் சரி, ஆள் தவறு

இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது பொதுவான தவறு. ஒரே ஊரில் முருகேசன் என்ற பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு 6,000 ரூபாய், மற்றவருக்கு 2,500 ரூபாய் பாக்கி. பெயரை வைத்து மாற்றும்போது இருவரின் கணக்கும் ஒன்றாகி 8,500 ரூபாய் ஒருவர் பேரில் நிற்கக்கூடும். மொத்தம் சரியாகவே இருக்கும், இருப்பாய்வும் ஒத்திருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் பணம் இன்னொரு குடும்பத்திற்குப் போய்விட்டது. ஆகவே மாற்றத்திற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் எண் கொடுத்து, பெயரோடு அந்த எண்ணையும் பேரேட்டில் சேர்த்துவிட வேண்டும். தந்தை பெயரும் ஊரும் இருந்தால் இன்னும் நல்லது.

எக்செல் பட்டியலில் மறைந்திருக்கும் பிழைகள்

உறுப்பினர் பட்டியலை எக்செல் கோப்பில் வைத்திருப்பவர்கள் அதைப் புதிய மென்பொருளில் ஏற்றுமுன் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வங்கிக் கணக்கு எண். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சாதாரண எண்ணாகப் பதித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். இரண்டாவது, எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் மறைந்துவிடும். இவ்விரண்டையும் தவிர்க்க, அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று முதலில் அமைத்துவிட்டுப் பிறகு எண்களைப் பதிக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன எண்ணைப் பாஸ்புக்கைப் பார்த்துத்தான் திருத்த இயலும்.

மூன்றாவது, தேதி. 5/7/2023 என்பது நமக்கு ஜூலை 5; அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மே 7. கொள்முதல் தேதி மாறினால் அன்றைய விலையும் மாறும். நான்காவது, தமிழ் எழுத்து. பல அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களில் பெயர்களைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விவரம் அழிந்துவிட்டதென்று அஞ்சி அவற்றை நீக்கிவிடக் கூடாது. யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பழைய பதிவேட்டோடு சரிபார்க்க வேண்டும்.

பழையதைத் தூக்கி எறிய வேண்டாம்

கம்பெனிச் சட்டப்படி, கணக்குப் புத்தகங்களை முந்திய எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்று உள்ளது. ஆகவே பழைய கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு அவசரப்பட வேண்டாம். இணைய இணைப்பைத் துண்டித்து, பழைய மென்பொருளோடு அலுவலகத்தின் ஒரு மூலையில் வைத்திருக்கலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இயக்கிப் பார்த்தால் போதும்.

மாற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் நாள்தோறும் காப்புப் பிரதி எடுத்து, இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டு முதல் விதி உள்ளது. மாலையில் அலுவலகத்தைப் பூட்டுமுன் செய்யும் கடைசி வேலையாக இதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இத்தகைய மாற்றம் நடைபெற்று வருகிறது. நாடு முழுவதும் சுமார் 63,000 சங்கங்களை ஒரே வகையான கணினி முறையின் கீழ்க் கொண்டுவர, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. உங்கள் சங்கத்தில் கணக்கு மாற்றப்படும்போது, பயிர்க் கடன், நகைக் கடன், பங்குத் தொகை ஆகியவற்றின் இருப்பைப் பாஸ்புக்கில் பதிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு மறுமுறை சென்று, புதிய கணினியில் உள்ள தொகை அதுதானா என்று கேட்க வேண்டும். கேட்பது உறுப்பினரின் உரிமை. அதில் கூச்சம் வேண்டாம்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. நமது கணக்கின் காப்புப் பிரதிகள் எத்தனை, எங்கெங்கே உள்ளன?

2. கடைசியாக அவற்றுள் ஒன்றை வேறு கணினியில் திறந்து பார்த்தது எந்தத் தேதியில்?

3. மாற்றத்திற்கு முந்திய நாளின் உறுப்பினர் வாரியான பட்டியல் அச்சிட்டுக் கையெழுத்திடப்பட்டுள்ளதா?

4. கடவுச்சொல் கணக்கரைத் தவிர வேறு யாரிடம் உள்ளது?

5. விவரம் தவறினால் யார் பொறுப்பு என்பது மென்பொருள் ஏற்றித் தருபவரிடம் எழுத்து மூலம் பெறப்பட்டுள்ளதா?

இந்த ஐந்துக்கும் நிறைவான பதில் வந்த பிறகு மாற்றத்திற்கு ஒப்புதல் அளிக்கலாம். வராவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுப்பதில் நட்டம் ஏதுமில்லை.

இறுதியாக, விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி வந்துவிட்டது என்பதற்காக எடைச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். நிறுத்திவைத்த விலையும் ஊக்கத் தொகையும் கைக்கு வரும்வரை அந்தச் சீட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எல்லாப் பிரதிகளும் தவறிப்போன ஒரு நாளில், தகரப் பெட்டியில் இருந்த காகிதம்தான் அந்த மூதாட்டிக்குச் சாட்சி சொன்னது.